போலிக்கு எடை எதற்கு?

பரவையில் கடல் இல்லை. வைகை இருக்கிறது, அதுவும் ஆண்டில் பல மாதம் வெறும் மணல். இருந்தாலும் முந்நூறு மீட்டர் ஆழம் வரை நீரைத் தாங்கும் என்று முகப்பில் எழுதிய தங்கநிற வாட்ச் திண்டுக்கல் சாலையில் பைக் ஓட்டும் கைகளில் மின்னத்தான் செய்கிறது. கல்யாண மண்டபங்களில் இன்னும் அதிகம். 2022இல் ‘விக்ரம்’ வந்த பிறகு அந்த முகப்பிலுள்ள ரோலக்ஸ் என்ற பெயருக்கு எந்தத் தெருவிலும் விளக்கம் தேவைப்படுவதில்லை. படத்தில் அது போதைக் கும்பல் தலைவனின் பெயர். படம் ஓடியதும் கமல்ஹாசன் அந்த வேடத்தில் நடித்த சூர்யாவுக்குப் பரிசாகக் கொடுத்தது நிஜமான ரோலக்ஸ். தங்கத்தில் செய்த முக்குளிப்பு ரோலக்ஸின் இன்றைய விலை முப்பது லட்சத்துக்கும் மேல். அந்தப் பணம் கையில் இருந்தால் பரவையில் மனை வாங்குவார்கள். ஆகவே இங்கே மின்னுவது பெரும்பாலும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’தான், அதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை.

அதைக் கட்டுவது தப்பா என்று கேட்டால் பலர் சிரித்துவிடுவார்கள். கொஞ்சம் தள்ளிப்போய், அதை மதிப்பிடுபவரின் இடத்தில் நின்று பார்ப்போம். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு வாட்ச் மெக்கானிக்கிடம் ஒருவர் அந்தக் காப்பியை நீட்டி, “எப்படி இருக்குண்ணே?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். மெக்கானிக் கண்ணில் லென்ஸை மாட்டுகிறார். முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகுகிறார். ஒரு பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும், திரும்புகிறது. நீருக்கடியில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதைக் காட்டும் வளையம் அது. தெரியாமல் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டலாமே தவிர, குறைத்துக் காட்டக் கூடாது. குறைத்துக் காட்டினால் முக்குளிப்பவர் காற்று தீரும்வரை கீழேயே இருந்துவிடுவார். அதனால்தான் அந்த ஏற்பாடு. விநாடி முள் கணத்துக்குக் கணம் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அசலில் ஒரு விநாடிக்கு எட்டுத் துடிப்பு, நல்ல காப்பியிலும் அப்படியே. தேதிக்கு மேலுள்ள குமிழ்க் கண்ணாடியும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. “நல்லா செஞ்சிருக்கான்” என்கிறார் மெக்கானிக்.

அந்தப் பாராட்டில் பொய் இல்லை. வேலை நுட்பமானதுதான். பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டறையில் முடி கனத்துத் திருகாணியைப் பொருத்திய கை சாதாரணக் கையல்ல. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் தன் வேலையில் தன் பெயரைப் போட முடியாது என்பதுதான் விசனம். தொழிலைப் பிறரிடம் கற்பது குற்றமே அல்ல. 1961இல் பெங்களூரில் எச்எம்டி கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடுதான். கற்றுக்கொண்டதை ‘ஜனதா’ என்று தன் பெயரில் விற்றது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரில் வாட்ச் செய்தது. தன் முகப்பில் ஸ்விஸ் பெயர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. முக்குளிப்பு வாட்ச்சின் வடிவத்தை ஒட்டி, சொந்தப் பெயரோடு சில ஆயிரத்துக்கு விற்கும் கம்பெனிகள் இன்றும் உண்டு. வடிவம் ஒத்திருப்பதைப் பற்றி இங்கே யாரும் வழக்காட வரவில்லை. அந்த ஐந்தெழுத்து ஆங்கிலப் பெயரும் அதன் மேலுள்ள கிரீடமும்தான் வழக்கு.

பரவைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பாடகி முனியம்மா ஊர்ப்பெயரையே முன்னால் சூடிக்கொண்டவர். ‘தூள்’ படத்தில் 2003இல் பாடிய பிறகு தமிழ்நாடு முழுக்க அவர் பரவை முனியம்மாதான். திருவிழா மேடையில் யாரோ அவர் குரலில் பாடினால் ஊரே கைதட்டும். அதே ஆள் அந்தப் பாட்டைப் பதிவுசெய்து, மேலட்டையில் பரவை முனியம்மா என்று அச்சடித்து விற்றால் கைதட்ட மாட்டார்கள். குரலைப் போலச் செய்வது கலை, பெயரைப் போட்டுக்கொள்வது களவு.

தங்கம் போலத் தெரியும் பொருள்மீது தமிழருக்கு என்றுமே வெறுப்பு இருந்ததில்லை. சிதம்பரம் கவரிங் போடாத வீடு குறைவு. பயணத்துக்குக் கவரிங், கோவிலுக்கு அசல் என்று இரண்டும் ஒரே பீரோவில் இருக்கும். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோவில் நகைகள் தெய்வத்தின் நகைகளைப் போலச் செய்தவைதாம். பரதநாட்டியக்காரர்கள் அணிகிறார்கள், புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அவற்றை விற்பவர் கவரிங் என்றோ வடசேரி நகை என்றோ வாய்திறந்து சொல்லித்தான் விற்கிறார். மதுரைக்கு இது பழைய பழக்கம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை இந்த ஊர்க் கடைத்தெருவைக் காட்டும்போது மணிகளின் குற்றங்களையும் நால்வகைப் பொன்னையும் பிரித்துச் சொல்கிறது. தரம் பிரித்துச் சொல்வதே அங்கே வியாபாரம். (சிலம்பையும் பொற்கொல்லனையும் இங்கே இழுக்க வேண்டாம், மதுரையில் எந்தப் போலியைப் பற்றிப் பேசினாலும் அவன் தானாகவே வந்து நிற்கிறான்.)

எதிர்வாதத்துக்கும் வலு உண்டு. ஐயாயிரத்துக்குக் காப்பி வாங்கும் ஆள் முப்பது லட்சத்துக்கு அசல் வாங்கப்போவதே இல்லை. ஆகவே கம்பெனிக்கு ஒரு விற்பனைகூடக் குறையவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அசல் மட்டும் என்ன யோக்கியம் என்ற கேள்வியும் நியாயமானது. 1953இல் அந்த வகை வாட்ச் வந்தபோது அது எஃகில் செய்த வேலைக் கருவி. 1969இல்தான் தங்கத்தில் செய்தார்கள். தங்கம் மெத்தென்ற உலோகம், எளிதில் கீறல் விழும், கனமும் அதிகம். பாறைக்கும் உப்புநீருக்கும் நடுவே அது எதற்கு? தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. தங்க முக்குளிப்பு வாட்ச் என்பதே உழைப்பாளியின் கருவிக்குப் பணக்காரர் போட்ட வேடம். வேடத்துக்கு மேல் இன்னொரு வேடம் போட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

இந்த வாதம் கொஞ்ச தூரம் நடக்கும். தராசுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடும்.

அசலில் இருப்பது பதினெட்டு காரட், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தங்கம். அந்தக் கலவை எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். எஃகின்மேல் தங்க முலாம் பூசிய காப்பியைக் கையில் எடுத்ததும் விஷயம் தெரிந்தவருக்குப் பட்டென்று பிடிபடும். இதைச் சமாளிக்க டங்ஸ்டன் சேர்த்து எடை கூட்டிய காப்பிகள் வருகின்றன. டங்ஸ்டனின் அடர்த்தி சுத்தத் தங்கத்தின் அடர்த்தியோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. கூடவே வரிசை எண், உத்தரவாத அட்டை, பச்சைப் பெட்டி எல்லாம் வரும். அந்த எடை யாருக்காக? கட்டிக்கொள்பவருக்கு அது காப்பி என்று தெரியும். கனம் கூடினால் அவர் மணிக்கட்டுத்தான் வலிக்கும். தெருவில் பார்ப்பவருக்கு எடை தெரியப்போவதில்லை. கையில் வாங்கி நிறுத்துப் பார்க்கிற ஒருவரை ஏமாற்றுவதைத் தவிர அந்த உலோகத்துக்கு அங்கே வேலையே இல்லை. மினுக்கு ஆசைக்காக என்று சொல்லலாம், மன்னித்துவிடலாம். எடை அந்தக் கணக்கில் வராது.

நிறுத்துப் பார்க்கப்போகிறவர் யார்? கைக்கடிகாரம் வாங்கியவரோடு முடிந்துவிடுவதில்லை. மாமனார் மாப்பிள்ளைக்குப் போடுகிறார். அப்பா இறந்தபின் மகனுக்கு வருகிறது. பெட்டியும் அட்டையும் இருப்பதால் குடும்பம் அதைத் தங்கம் என்றே நம்பிப் பீரோவில் பூட்டி வைக்கிறது. ஒருநாள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேறு வழியின்றி மருமகள் அதை எடுத்துக்கொண்டு தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போகிறாள். உரைகல்லில் தேய்த்தவர் ஏற இறங்கப் பார்க்கும் பார்வையை அவள் வாங்கிக்கொள்ள வேண்டும், எதுவும் அறியாமலே. சில ஆயிரம் கொடுத்து விளையாட்டாக வாங்கிய பொய்க்குக் கடைசியில் பில் அவள் பெயரில் வருகிறது.

சட்டம் இந்த இடத்தில் பாதி தூரம்தான் வருகிறது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகளின்படி, பொய்க்குறி இடுபவருக்கும் அத்தகைய பொருளை விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். சொந்தக் கைக்கு வாங்கிக் கட்டுபவரை அது தொடுவதில்லை. தங்க நகைக்கு 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் முத்திரை கட்டாயமானபோது கைக்கடிகாரத்துக்கும் பேனாவுக்கும் விலக்கு அளித்துவிட்டார்கள். தோட்டுக்கும் மோதிரத்துக்கும் ஆறு இலக்க அடையாள எண் தேடிப் பழகிய கண், வாட்ச்சில் அதைத் தேடினாலும் பயனில்லை. மிச்சத்தை மனிதர்கள்தான் சொல்லியாக வேண்டும்.

அதனால் மெக்கானிக்கின் பாராட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. “நல்லா செஞ்சிருக்கான்” என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால், வந்தவர் அந்தச் சொல்லையே சான்றிதழாக அடுத்த கைக்குக் கொண்டுபோவார். “டவுன்ஹால் ரோட்டுல காமிச்சேன், நல்ல வாட்ச்சுன்னாங்க” என்று சொன்னால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது. மதிப்பிடுபவர் வேலைப்பாட்டை ரசிக்கலாம், ஓட்டத்தைச் சரிசெய்யலாம், பட்டை மாற்றிக் கூலி வாங்கலாம். ‘முலாம், ரோலக்ஸ் அல்ல’ என்று ரசீதில் ஒரு வரி எழுதிக் கொடுப்பது அந்தக் கூலிக்குள் அடங்கிய வேலை. எழுத மறுத்தால் அவர் மதிப்பீட்டாளர் இல்லை, கூட்டாளி.

தெரிந்தே காப்பி கட்டிக்கொள்பவரை ஊர் மன்னிக்கலாம், கேட்டவரிடம் காப்பி என்று சொல்லும் வரைக்கும். தெரிந்தே அதை அசல் என்று பரிசளிப்பவரையும், பெட்டியும் எடையும் சேர்த்து விற்பவரையும் மன்னிக்க எந்தக் காரணமும் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வாட்ச் போட்டே தீர வேண்டும் என்றால் சொந்தப் பெயர் போட்ட இரண்டாயிரம் ரூபாய் வாட்ச் போதும். ஏற்கெனவே காப்பி ஒன்று வீட்டில் இருக்கிறதா? இன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் ‘இது தங்கம் அல்ல’ என்று எழுதி, தேதி போட்டு, அந்தப் பச்சைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.