எதிர்ப்பக்கம் வளைத்தல்

கோல்ஃபில் ஸ்லைஸ் என்று ஒரு குறை உண்டு. வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து ஒழுங்காகக் கிளம்பி, பாதி வழியில் யாரோ கூப்பிட்டதுபோல வலப்பக்கம் திரும்பிப் போய்ப் புதருக்குள் விழும். புதிதாக ஆட வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான், எனக்கும் இதுதான். இதைச் சரிசெய்ய உடம்பு தானாக ஒரு காரியம் செய்யும். பந்து வலப்பக்கம் போகிறதா, சரி, கொஞ்சம் இடப்பக்கமாக இழுத்து அடிப்போம் என்று முடிவெடுத்துவிடும். நமக்குத் தகவல்கூடச் சொல்லாது. அப்படி இழுக்கும்போது கிளப் பந்தை வெளியிலிருந்து உள்நோக்கி இன்னும் குறுக்காக வெட்டுகிறது. கிளப்பின் முகம் அந்தப் பாதைக்குத் திறந்திருக்க, அந்த வெட்டுதான் பந்தை வலப்பக்கமாக வளையவைப்பது. ஆக, எவ்வளவு இடப்பக்கம் இழுக்கிறோமோ அவ்வளவு வலப்பக்கம் வளையும். குறையும் அதற்கு நாம் கண்டுபிடித்த மருந்தும் ஒரே பொருள்.

இதெல்லாம் எனக்கு முதல் வாரமே தெரியும். இன்ஜினியரிங் படித்தவனின் வியாதி அது, ஆடுவதற்கு முன் படம் வரைந்துவிடுவேன். பாதை, முகம், இரண்டுக்கும் இடையிலான கோணம் எல்லாம் தெரியும். கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியை 2000 பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு நேரம்தான். மேலேயிருந்து கிளப் கீழிறங்கிப் பந்தை அடைய ஏறக்குறைய கால் விநாடி. அந்தக் கால் விநாடிக்குள் யோசித்து, முடிவெடுத்து, திருத்த முடியாது. பிரேக்பாயின்ட் வைக்க முடியாத கோடு அது. ஓடி முடித்தபின் லாக் பார்க்கலாம், அவ்வளவுதான். மூன்று மாதம் லாக் பார்த்தேன். பந்து புதருக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

கில்பர்ட் ரைல் 1949இல் எழுதிய ‘தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்’ புத்தகத்தில், ஒன்றைப் பற்றி அறிவதும் ஒன்றைச் செய்ய அறிவதும் வேறு வேறு என்று வாதாடுகிறார். செய்யத் தெரிந்தவன் உள்ளுக்குள் ஒரு விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுச் செய்வதில்லை என்பது அவர் கட்சி. கோல்ஃபே இதற்கு ஒரு நல்ல சாட்சி. பந்து முதலில் கிளம்பும் திசையைத் தீர்மானிப்பது கிளப் போகும் பாதை என்றுதான் பல தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்து அளந்து பார்த்தபோது, அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம் என்று தெரிந்தது. ஆக, பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் தப்பான இயற்பியலைத் தலையில் வைத்துக்கொண்டு, சரியான இயற்பியலைக் கையால் செய்திருக்கிறார்கள். எனக்கு நேர் எதிர்.

என் பயிற்சியாளர் பெங்களூருக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பாதி கன்னடம் பாதி தமிழ். சிறுவயதில் கேடியாக இருந்தவர். அடுத்தவர் பையைச் சுமந்துகொண்டு அடுத்தவர் ஸ்விங்கைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். திங்கட்கிழமை மைதானம் மூடியிருக்கும்போது யாரோ கொடுத்த பழைய கிளப் ஒன்றை வைத்து ஆடியிருக்கிறார். இந்தியாவில் இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் பாதி இப்படிப்பட்டவர்கள் எழுதியது. 1991இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேரும், 2009இல் வென்ற பெங்களூரின் முனியப்பாவும் கேடிகளாக இருந்தவர்கள்தான். நான் இப்போது ஒரு பக்கெட் பந்துக்குக் கொடுக்கிற காசு, அண்ணா பை சுமந்த காலத்தில் எத்தனை நாள் கூலி என்று ஒருமுறை கணக்குப்போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அண்ணா என் படங்களையெல்லாம் மரியாதையாகப் பார்த்தார். பிறகு, “சார், ரேஞ்ச் கடைசியில வலப்பக்கம் லைட் கம்பம் இருக்கில்ல, கிளப்ப அங்க வீசுங்க” என்றார்.

“அண்ணா, பந்தே வலப்பக்கம்தானே போகுது?”

“தப்பாத்தான் இருக்கும். தப்பாவே வீசுங்க.”

கம்பத்தைப் பார்த்து வீசினேன். உடம்பு முழுக்கக் கோணிக்கொண்டது போல இருந்தது. கிளப்பைப் பக்கத்து மேட்டில் நிற்கிறவர் மேல் எறிகிற மாதிரி இருந்தது. பிறகு அவர் மொபைலில் எடுத்த வீடியோவைக் காட்டினார். அதில் கிளப் கம்பத்தின் பக்கம் போகவேயில்லை. ஏறக்குறைய நேராக, அதிலும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே போயிருந்தது. “இன்னும் தப்பு பத்தல சார்” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சுத்தப் பொய். கிளப் கம்பத்துக்குப் போகக்கூடாது, போகவும் போகாது, அது அவருக்குத் தெரியும். ஆனால் ‘நேராக வீசுங்க’ என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பழையபடி குறுக்காக வெட்டியிருப்பேன், எனக்கு அதுதான் நேர். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதை ஒரு சலுகை என்று எடுத்துக்கொண்டேன், கண்டிப்பான வாத்தியார் ஒரு நாள் லீவு விட்டதுபோல. ரேஞ்சில் அதற்கு வேறு அர்த்தம் கிடைத்தது. கேட்கிறவனின் அளவுகோல் கோணலாக இருந்தால், அவனிடம் சொல்லும் உண்மையும் அந்தக் கோணலோடுதான் போய்ச் சேரும். அந்தக் கோணலையும் கணக்கில் எடுத்துச் சொன்னால்தான் சரியான இடத்துக்குப் போகும்.

அரிஸ்டாட்டில் இதை ஒழுக்கம் பற்றியே சொல்லியிருக்கிறார். நிகோமாக்கிய அறவியலின் 2ஆம் புத்தகத்தின் முடிவில் அவர் தரும் யோசனை இது: நம் சுபாவம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனித்து, அதற்கு எதிர்ப்பக்கம் நம்மை இழுத்துக்கொண்டு போக வேண்டும், கோணிய மரத்தை நிமிர்த்துகிறவர்கள் செய்வது போல. மரத்தை நேராகப் பிடித்தால் நேராகாது, விட்டதும் பழைய இடத்துக்குப் போய்விடும். மறுபக்கம் வளைத்துப் பிடிக்க வேண்டும். அதே புத்தகத்தின் ஆரம்பத்தில் இன்னொன்றும் சொல்கிறார். யாழ் வாசித்துத்தான் நல்ல வாசிப்பாளர் உருவாகிறார், மோசமான வாசிப்பாளரும் அதே யாழை வாசித்துத்தான் உருவாகிறார் என்று. சனிக்கிழமை காலையில் தனியாக வந்து 100 பந்தைக் குறுக்காக வெட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகப் போகிறவர்களை ரேஞ்சில் பார்க்கலாம்.

ஆனால் எல்லாக் கோணலையும் நிமிர்த்த வேண்டுமா? ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங்கைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். கிளப்பை மேலே தூக்கி, ஒரு வளையம் போட்டு, வேறு வழியாக இறக்குவார். எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படி ஒரு ஸ்விங் கிடையாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. அப்பா அந்த வளையத்தை விட்டுவிட்டார். மகன் 2003இல் யு.எஸ். ஓபனை வென்றார், 2016இல் ஒரே சுற்றை 58 அடியில் முடித்தார், பிஜிஏ டூரில் அதற்குக் குறைவாக யாரும் அடித்ததில்லை. கிளப் பந்தைத் தொடும் இடத்தில் அவருடையது அற்புதமாக இருந்தது, அதற்கு முன்னால் என்ன நாட்டியம் ஆடினாலும் பந்துக்குத் தெரியாது. மனிதர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். தானாகப் பேசிக்கொள்வது, சாப்பாட்டுத் தட்டை மூன்று முறை கழுவுவது எல்லாம் வளையம். விட்டுவிடலாம். இன்னொருவரைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

என் அப்பா தொட்ட இடம் அடிஸ்கேல். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கணக்குப் பாடத்துக்கு அவள் வாங்கிய அடி எங்கள் தெருவுக்கே தெரியும். ஆத்தா, “அவன் குணம் அப்படி, நாய் வாலை நிமித்த முடியுமா” என்பாள். வீட்டில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள், அக்கா உட்பட. நான் கணக்குப் போடும் வயதுக்கு வந்தபோது அப்பா வேறு ஆளாக இருந்தார். கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். திரும்பி வந்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு குரலில், “தம்பி, இதை இன்னொருவாட்டி பாப்பமா?” என்பார். அந்தக் குரல் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “நடிக்கிறாரு” என்பாள்.

நடிப்புதான், அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். திருத்திய ஸ்விங் பல மாதங்களுக்கு நடிப்பாகவே இருக்கிறது, பழைய வெட்டுதான் ‘நான்’ என்று தோன்றுகிறது. இயல்பாக இரு, உனக்கு உண்மையாக இரு என்று இன்று ஊரெல்லாம் அறிவுரை சொல்கிறார்கள். இயல்பு என்று நாம் உணர்வதில் பாதி, அதிக நாள் செய்தது என்பதுதான். மொட்டைமாடியில் டென்னிஸ் பந்தை லெக் சைடில் இழுத்து இழுத்து அடித்த பத்து வருஷம்தான் என் ‘நான்’. அதற்கு உண்மையாக இருக்க எனக்கு ஒரு கடமையும் இல்லை.

போன வருஷம் அக்காவிடம் போனில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். கம்பம், மரம், அப்பாவின் ரேடியோக் குரல். உற்சாகமாகத்தான் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அப்ப அவரால முடிஞ்சிருக்கு. முடியாத மனுஷன்னு நெனச்சுத்தான்டா இத்தன வருஷமா விட்டுவெச்சிருந்தேன்.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாய் வால் என்றால் கோபப்பட முடியாது, வாலின் மேல் யாருக்குக் கோபம் வரும்? நிமிர்ந்துவிட்ட வால்தான் சிக்கல். அது நிமிரக்கூடியது என்று நிரூபித்துவிடுகிறது, நிமிராதிருந்த காலத்துக்கு அப்போது புதிதாக விளக்கம் தேவைப்படுகிறது. அப்பா கடைசிவரை அடிப்பவராகவே இருந்திருந்தால் அக்காவுக்கு மன்னிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா பக்கத்தில் சொல்ல ஒன்று உண்டு. திருத்தம் உடனே வருவதில்லை, நடுவில் ஆட்டம் இன்னும் மோசமாகும். நிக் ஃபால்டோ 80களின் நடுவில் டேவிட் லெட்பெட்டரிடம் போய் ஸ்விங்கைப் பிரித்துப் போட்டார். அதற்கு முன்பே ஐரோப்பாவில் முதலிடம் பிடித்திருந்தவர். இடையில் முடிந்துவிட்டார் ஆள் என்று பேசினார்கள். 1987இல் முயர்ஃபீல்டில் கடைசிச் சுற்றின் 18 குழியிலும் பார் அடித்து ஓபனை வென்றார். டைகர் வுட்ஸ் 1997 மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் வென்றபின் தன் ஸ்விங்கை மாற்றத் தொடங்கினார், அடுத்த வருஷம் முழுக்க பிஜிஏ டூரில் ஒரே ஒரு வெற்றி. மாற்றம் என்றால் இவர்களுக்கே இவ்வளவு காலம்.

ஆனால் இவர்கள் அந்த மோசமான காலத்தைப் பந்தின் மேல் கழித்தார்கள். ரேஞ்ச் பந்துகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பட்டை போட்டு, கீறல் விழுந்து, பாதி உயிரோடு இருக்கும். மாலையில் கூண்டு கட்டிய ஒரு வண்டி வந்து எல்லாவற்றையும் பொறுக்கும், கழுவும், காலையில் மறுபடி பக்கெட்டில் வரும். எந்தப் பந்தும் கணக்கில் சேராது என்பதால்தான் அங்கே தப்பாக வீசிப் பழக முடிகிறது. கோபத்தை அடக்கப் பழக அப்படி ஓர் இடம் கிடையாது. கோபம் வரும்போதுதான் பழக முடியும், அது வரும்போது எதிரில் ஆள் இருக்கும். மூத்த பிள்ளைகள், முதல் மாணவர்கள், புதிய மேனேஜருக்குக் கீழே முதலில் சேர்கிறவர்கள் இவர்களெல்லாம் யாருடைய ரேஞ்சிலோ நிற்கிறார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு நல்ல ஸ்விங் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது அப்படி.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “பழகிட்டு இருந்தாருன்னா சொல்லலாம். மொதல்ல அடிச்சதெல்லாம் பழக்கமா? சும்மா அடி” என்றாள். அவள் சொல்வது சரி. திருத்த வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன்னால் அடித்த பந்துக்குப் பயிற்சி என்று பேர் இல்லை. அந்த முடிவு எங்கள் வீட்டில் எந்த நாள் எடுக்கப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஸ்கேலை ஓங்கிவிட்டு, மேஜைமேல் வைத்துவிட்டு, முதல்முறையாக வெளியே போனார். அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம், சந்தோஷத்தில். மூன்று வாரம் கழித்து மறுபடி அடித்தார்.

“அதுக்கு முன்னாடி வாங்கினது எத்தனைன்னு ஞாபகமில்ல. அந்த ஒண்ணு மட்டும் ஞாபகமிருக்கு.”

பயிற்சிக் கணக்கில் பார்த்தால் அந்த அடி ஒரு சறுக்கல். மூன்று வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது என்று அண்ணா சொல்வார், நானும் சொல்வேன். அக்காவின் கணக்கில், அதுதான் அப்பா தெரிந்தே அடித்த முதல் அடி. இரண்டு கணக்கையும் கூட்டி ஒரு விடை எடுக்க முடியாது என்றே நினைக்கிறேன். அப்பா திருந்தியது அக்காவிடம் பட்ட கடனை அடைக்கவில்லை. கடன் அடையாது என்று தெரிந்தும் அவர் தொடர்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு முழுக்க என் பேரில் வரவு வைக்கப்பட்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்பாவுக்கு இப்போது 71 வயது. சாயங்காலங்களில் அக்கா மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். உட்காரும் முன் பென்சில் பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து அவள் கையில் கொடுத்து, “கோடெல்லாம் நீயே போட்டுக்க” என்கிறார். குரல் அதே ரேடியோக் குரல், இப்போது அவருக்குப் பொருந்தியும்விட்டது. அக்கா சமையலறையில் இருக்கிறாள். குழம்பு தாளிக்கும்போதுகூட, அந்த அறை கண்ணில் படுகிற பக்கமாகத்தான் நிற்கிறாள்.