அளவுகோலுக்கு அப்பால்

பௌதிகவியல் படிக்கும் பிள்ளை விசுவாசத்தை இழந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அந்த அச்சம் உரிய இடத்திலேதான் எழுந்துள்ளதா என்று ஆராய்ந்து பார்ப்பது நன்று. ஆனந்த குமாரசுவாமியின் வாழ்வும் சிந்தனையும் இதற்கு உதவும்.

சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வரான இவர், 1877இல் கொழும்பிற் பிறந்தவர். கலை மேதையென்றும் தத்துவ ஞானியென்றும் உலகம் இவரை அறியும். ஆயினும், இவர் முதலிற் கற்றது புவிச்சரிதவியல். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், 1904இல், தோரியனைட்டு என்னும் கனிப்பொருளைக் கண்டுபிடித்தார். அந்த இலங்கைக் கனிப்பொருளிலிருந்து பெற்றதை இலண்டனில் ஆராய்ந்தபோதே, 1905இல், ஒற்றோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டார். 1938இல் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்தவர்களுள் இதே ஹானும் ஒருவர். அதன்பின் ஏழாண்டு நிறையுமுன் ஹிரோஷிமா எரிந்தது.

ஆகவே, நவீன விஞ்ஞானத்தைக் கண்டித்த குமாரசுவாமி, அதனை அறியாது பேசியவர் அல்லர். அவருடைய வாதம் இதுவே: விஞ்ஞானம் ‘எப்படி’ என்று கேட்கிறது, ஆன்மிக ஞானம் ‘ஏன்’ என்று கேட்கிறது. முன்னையது அளக்கக்கூடியதை ஆராயும். பின்னையது அளவுக்குள் அகப்படாததை நாடும். தத்தம் எல்லையை அறிந்து நின்றால் இரண்டுக்கும் பகையில்லை. அளக்க முடியாதது இல்லாததே என்று துணியும்போதுதான் தவறு பிறக்கிறது. அணு பிளந்தால் எவ்வளவு சக்தி வெளிப்படும் என்று பௌதிகவியல் சொல்லும். அதனை ஒரு நகரின்மீது வீசலாமா என்று அது சொல்லாது.

குமாரசுவாமி கத்தோலிக்கர் அல்லர். எனினும், அவர் மறைந்த 1947இல் வெளிவந்த ‘காலமும் நித்தியமும்’ என்ற பொருள்படும் நூலில், இந்து, பௌத்த ஞானிகளோடு புனித தோமஸ் அக்குவினாசையும் துணைக்கு அழைக்கிறார். நித்தியம் என்பது முடிவின்றி நீளும் காலமன்று. கால அளவே இல்லாத ‘இப்போது’ என்பது அவர் விளக்கம். அதனை எந்தக் கடிகாரம் அளக்கும்?

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். விஞ்ஞானம் எல்லாவற்றையும் எண்ணாகச் சுருக்குகிறது என்று முறையிடும் நாமே, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று என்ன செய்கிறோம்? இசட் புள்ளியைக் கேட்டறிந்து, அதனைக் கொண்டே பிள்ளையை நிறுத்துவிடுகிறோம். பல்கலைக்கழக அனுமதிக்கு அந்த எண் வேண்டும். ஆனால், நோயுற்ற அம்மம்மாவின் அருகில் இரவிரவாக விழித்திருந்த பேத்தியின் அன்புக்கு எந்தப் புள்ளித்திட்டத்தில் இடமுண்டு?

பிள்ளைகள் பௌதிகவியலைத் துணிந்து படிக்கட்டும். அளவும் எடையும் இறைவன் படைப்பில் வைத்த ஒழுங்கே. அளவுக்குள் அடங்காததும் உண்டு என்பதை, பெறுபேறு குறைந்து வந்த அன்று நாம் அவர்களை ஏற்றுக்கொள்ளும் முறையிலிருந்தே அவர்கள் கற்றுக்கொள்வர்.