அறுபதாம் மாதத்துக்குப் பிறகு

குழந்தைகளைப் பற்றிய புள்ளிவிவரத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குழந்தை என்பது பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்து 59 மாதம் வரைதான். 60 மாதம் நிறைந்ததும் அது எங்கள் அட்டவணையை விட்டுப் போய்விடும். வயதுக்கேற்ற உயரமின்மை, எடைக் குறைவு, மெலிவு என்று உலகம் முழுக்க நாங்கள் எண்ணும் மூன்றும் அந்த வயதோடு நின்றுவிடுகின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பும் மூளையும் மிக வேகமாக வளர்வது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில். கெடுதல் நேர்வதும் அப்போதுதான், தடுக்க முடிவதும் அப்போதுதான். அந்தக் கோட்டோடு எனக்குச் சண்டையில்லை. கோட்டைத் தாண்டிய குழந்தை எங்கே போயிற்று என்று கேட்பது யார் வேலை என்பதுதான் என்னைக் குடைகிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கேள்வி வலுத்தது. நான் போனது சின்னக் குழந்தைகளுக்காக. கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆனால் ஷிப்டு மாறும் நேரத்தில் அந்தச் சாலைகளை நிறைப்பவர்கள் வேறு. கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளம்பெண்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். செல்போன் பூட்டும் வேலையில் பெரும்பாலானோர் இவர்கள்தான். 2024 ஆகஸ்ட்டில் பக்கத்து வல்லம் வடகாலில், இவர்களைப் போன்ற தொழிலாளர்களுக்காக அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் 18,720 படுக்கைகள்.

அவர்களின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுதி திறந்தபோது 18 முதல் 23 வயதுக்குள் இருந்த பெண் 2001-க்கும் 2006-க்கும் இடையில் பிறந்திருப்பாள். மூன்றாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்தது 2005-06-இல். அதில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களாக அளக்கப்பட்ட தலைமுறை இதுதான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை முதல் செல்போன்களைச் செய்துகொண்டிருந்த அதே 2006-இல், இந்தப் பெண்களின் ஊர்களில் கணக்கெடுப்பாளர்கள் உயரப் பலகையை விரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30.9 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். இந்தியா முழுவதற்கும் 48 சதவீதம். அந்த 48 சதவீதத்தை நான் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அவர்கள் வளர்ந்து, வேலை தேடி, என் எதிரிலேயே பஸ் ஏறுவார்கள் என்பது எழுதும்போது ஒரு நாளும் மனதில் வந்ததில்லை.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து அளப்போம். அதற்கு மேல் நிற்க வைத்து. ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்தி அளவைப் படிப்பார். குழந்தை அழும். அளவை விடக் கடினமானது வயது. பிறந்த தேதி எழுதிய தாள் வீட்டில் இல்லையென்றால் ஊரின் நினைவைத்தான் கேட்க வேண்டும். பொங்கலுக்கு முன்னா பின்னா? ஆடித் திருவிழாவின்போது கைக்குழந்தையா? இந்தப் பகுதியில் சில ஆண்டுகள் 2015 டிசம்பர் வெள்ளம் எங்களுக்குக் கைகொடுத்தது. செம்பரம்பாக்கம் ஏரி திறந்த இரவை எந்தத் தாயும் மறக்கவில்லை. இவ்வளவு மெனக்கெடுவது ஏனென்றால், இரண்டு வயது நிறைந்த பெண் குழந்தையின் நடு உயரம் 85.7 சென்டிமீட்டர், 79.3-க்குக் கீழே போனால் அவள் வளர்ச்சி குன்றியவள் என்று குறிக்கப்படுவாள். வயதில் இரண்டு மாதம் பிசகினால் தீர்ப்பே மாறிவிடலாம்.

அந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதிலேயே ஒரு பெரிய வழக்கு நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஏழை நாட்டுக் குழந்தைகளில் பலர் சிறிய உடம்போடு இருந்தாலும் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள் என்று வாதிட்டார். அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். ஏழையின் குழந்தைக்கு மட்டும் சிறிய உடம்பு போதும் என்பது எந்த ஊர் நியாயம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். அவர் எதைத் தடுத்தார் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நன்றாக உணர வேண்டும். கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால், ஒரு கரண்டி சோறுகூடக் கூடுதலாகப் போடாமல் கோடிக்கணக்கான குழந்தைகள் ஒரே நாளில் நலமடைந்ததாகக் கணக்கு வந்திருக்கும். பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களுக்காக ஆறு நாட்டுக் குழந்தைகள் அளக்கப்பட்டார்கள். நல்ல உணவும் நல்ல சூழலும் வாய்த்த தெற்கு தில்லிக் குழந்தைகள் நார்வே, ஓமன் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். கோபாலன் நூறு வயது கண்டு 2019-இல் மறைந்தார். அவர் காத்து நின்ற கோட்டை வைத்துத்தான் இன்றும் அளக்கிறோம்.

இப்போது அந்த எண்களின் பயணத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 30.9 சதவீதம், 2015-16-இல் 27.1 ஆயிற்று. 2019-21-இல் 25. இறங்குமுகம். கூட்டங்களில் இதைத் திரையில் காட்டும்போது அறையில் ஒரு நிம்மதி பரவும். அந்த நிம்மதியில் பொய் இல்லை. பிறகு பிறந்த குழந்தைகள் முன்னவர்களை விட நன்றாகப் பிறந்து வளர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் 31 எப்படி 25 ஆயிற்று? காலை பஸ்ஸில் நூறு பேருக்கு 31 பேர் நின்றபடி வந்தார்கள், மாலை பஸ்ஸில் 25 பேர் நின்றார்கள் என்றால், காலையில் நின்றவர்களில் ஆறு பேருக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது என்று பொருளாகாது. அவர்கள் 31 பேரும் நின்றபடியேதான் வந்து இறங்கிப் போனார்கள். மாலை பஸ்ஸில் ஏறியவர்கள் வேறு ஆட்கள்.

எங்கள் துறையின் முன்னேற்றமெல்லாம் பெரும்பாலும் இப்படி வருவதுதான். 2006-இல் குன்றிய குழந்தை வளர்ந்து நிமிர்ந்ததால் சதவீதம் குறையவில்லை. அவளுக்கு ஐந்து வயது முடிந்து அவள் கணக்கை விட்டு வெளியேறினாள். அவள் இடத்துக்கு வேறொரு குழந்தை வந்தது. அவளுக்கு நேர்ந்தது அவளோடேயே போயிற்று. அதை எந்தக் கணக்கிலும் யாரும் பின்னர் நேர் செய்யவில்லை.

முந்தியவளின் இழப்பைப் பிந்தியவளின் வளர்ச்சி ஈடுகட்டும் என்று நம் அறிக்கைகள் சொல்வதில்லை. ஆனால் ஒரே கோட்டில் இரண்டு புள்ளிகளாக வைத்துவிட்டால், படிக்கிறவர் மனதில் அது ஒரே குழந்தையின் கதையாக மாறிவிடுகிறது. நாடு என்ற ஒற்றைக் குழந்தை வளர்வதாகத் தோன்றுகிறது. நாட்டுக்கு உடம்பு கிடையாது. பசித்ததும் குன்றியதும் தனித்தனி உடம்புகள். ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது ஒரே ஒரு இரண்டாவது வயதுதான்.

இன்னொரு செய்தியும் இதோடு சேர்கிறது. குடும்பநலக் கணக்கெடுப்பு வீடுகளைத் தேர்ந்தெடுத்து நடப்பது. 2019-21-இல் ஆறு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கிய 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் கேள்வி கேட்டு, உயரமும் எடையும் பார்த்து, விரல் நுனி இரத்தத்தில் இரத்தசோகையும் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் அந்த வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது இப்படித்தான். ஆனால் விடுதி வீடு அல்ல. விடுதியில் தூங்குகிறவள் சொந்த ஊரிலும் அன்றிரவு இல்லை. ஐந்து வயதில் ஒரு கணக்கிலிருந்து வெளியேறியவள், வேலைக்கு வந்து விடுதியில் படுத்ததும் இன்னொரு கணக்கிலிருந்தும் வெளியேறுகிறாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விடுதிகளையும் எண்ணும். ஆனால் 2011-க்கு அடுத்தது 2027-க்குத்தான் அறிவிக்கப்பட்டது. அதுவும் தலையைத்தான் எண்ணும், இரத்தத்தைப் பார்க்காது.

இந்த இடத்தில் எங்கள் துறையினர் வழக்கமாகச் சொல்லும் ஒரு நியாயம் உண்டு: இந்தப் பெண்கள் நாளைய தாய்மார்கள், அதனால் இவர்கள் உடல்நலம் முக்கியம். அதில் அறிவியல் இருக்கிறது. குன்றி வளர்ந்த பெண்ணுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். இரத்தசோகை அதை இன்னும் கூட்டும். அப்படி 2006-இன் குறை இருபது ஆண்டு கழித்து ஒரு புதிய குழந்தையின் பிறப்பு எடையாக எங்கள் அட்டவணைக்குத் திரும்பி வருகிறது. ஆனாலும் இந்த நியாயம் எனக்கு உறுத்துகிறது. வயிற்றில் ஒரு குழந்தை வந்தால்தான் அவள் நம் கண்ணில் படுவாள் என்றால், அவளைக் கணக்கிலிருந்து ஒரு முறை தொலைத்தோம், மனத்திலிருந்து மறு முறை தொலைக்கிறோம். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் அவள் கால்கள் அவளுடையவை. அவளுக்கு நாம் பட்ட கடன் அவளிடமே தீர்க்க வேண்டிய கடன்.

வேறு விதமாக எண்ண முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1980-இல் உலக வங்கியின் உதவியோடு இங்கே ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஊர்ப் பெண் ஒருவரே மாதந்தோறும் எடை போட்டார். குழந்தையை மாநில சராசரியோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது அவர் வேலை அல்ல. போன மாத எடையோடு இந்த மாத எடையை ஒப்பிடுவார். ஏறவேண்டிய அளவு எடை ஏறவில்லையென்றால் அந்தக் குழந்தைக்கு 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். தராசு முள் நின்ற இடத்துக்கும் குழந்தையின் வாய்க்கும் இடையில் தில்லியோ ஜெனீவாவோ இல்லை. உலகெங்கும் பேசப்பட்ட அந்தத் திட்டத்துக்குக் குறைகளும் உண்டு. ஆனால் அங்கே எண்ணுக்கு உரியவள் அந்தக் குழந்தையே.

நீண்ட காலம் பின்தொடர்வதற்கும் உதாரணம் தொலைவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போகும் சாலையிலேயே போனால் வரும் வேலூரில், 1969 முதல் 1973 வரை நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களைக் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வளர்ந்த வயதிலும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். பிறந்தபோதைய அளவை நடு வயதின் சர்க்கரை நோயோடு வைத்துப் பார்க்க முடிந்தது அதனால்தான். இதற்கு ஆகும் செலவும் பொறுமையும் பெரிது. எல்லாக் குழந்தைக்கும் ஆய்வு நடத்த முடியாது. ஆளைத் துரத்தும் கண்காணிப்பாக அது மாறவும் கூடாது. ஆனால் எடை அட்டை ஒன்று ஒருவரோடு வளர்ந்து வரலாம். அதை வைத்திருக்கும் உரிமை முதலில் தாய்க்கும், பிறகு அந்தப் பிள்ளைக்கும்.

ஒரகடம் பக்கத்துக் கொட்டகைகளில் இன்று இரண்டு வயதுப் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். அடுத்த தொழிற்சாலையோ அடுத்த விடுதியோ கட்டி முடிந்ததும் அவர்களின் பெற்றோர் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கன்வாடிகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் குழந்தையின் பதிவை வேறு மாநில அங்கன்வாடிக்கு மாற்றும் வசதி இருக்கிறது. மேஸ்திரி இரவோடு இரவாக ஆட்களை லாரியில் ஏற்றும்போது அதை யார் செய்வது என்பதுதான் சிக்கல். அங்கன்வாடி டீச்சருக்கு ஒரு போன், வேலை முடியும் தேதியை முன்கூட்டியே சொல்லும்படி ஒப்பந்தக்காரருக்கு ஒரு கட்டாயம், தாய் படிக்கும் மொழியில் ஓர் எடை அட்டை: கேட்பது இவ்வளவுதான். அந்தப் பெண் குழந்தை இன்னும் மூன்று ஆண்டில் எங்கள் அட்டவணையிலிருந்து போய்விடுவாள். இன்னும் பதினெட்டு ஆண்டில் அவளும் எங்கோ ஒரு வரிசையில் வேலைக்கு நிற்பாள். அன்று அவளிடம் தன் இரண்டாம் வயது எடை எழுதிய தாள் இருக்குமா என்பது, கொட்டகையைப் பிரிக்கும் முன் இந்த மாதம் நாங்கள் முடிக்க வேண்டிய வேலை.