குற்றத்தின் எல்லையை வரைபவர் யார்?

ஒரு வன்செயல் ஒரு நொடியில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பொருள் கூறும் பணியோ பல்லாண்டுகள் நீடிக்கிறது. செய்தவர் யார், செய்வித்தவர் யார், பழி எவரெவரைச் சாரும் என்னும் வினாக்களுக்கு நீதிமன்றம் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே, சமூகத் தொடர்புச் சாதனங்களும் அரசியல் மேடைகளும் தத்தம் விடைகளை மக்கள் மனத்தில் பதித்துவிடுகின்றன.

திருப்பெரும்புதூர் இன்று தொழிற்சாலைகளால் அறியப்படும் ஊர். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை கார்களும் மின்னணுப் பொருள்களும் உருவாகும் அவ்வட்டாரத்திற்கு வேலை தேடி வரும் இளைஞருள் பெரும்பாலோர் 1991-க்குப் பின் பிறந்தவர்கள். 2003-இல் திறக்கப்பட்ட ராஜீவ் காந்தி நினைவிடத்தைக் கடந்து அன்றாடம் பணிக்குச் செல்லும் அவர்களுக்கு, அக்கொலை பிறர் சொல்லக் கேட்ட கதையே. ஆகவே அதைச் சொன்னவர்கள் எவ்வாறு சொன்னார்கள் என்பது வெறும் வரலாற்று ஆய்வன்று. மனச்சான்றைச் சார்ந்த வினாவாகும்.

1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்திற்கு வந்த முன்னாள் பிரதமர் மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அவரோடு காவலர் பலர் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிழற்படம் எடுத்துக்கொண்டிருந்த அரிபாபுவும் இறந்தார். அவருடைய கேமரா மட்டும் தப்பியது. அதிலிருந்த படங்களே மாலையோடு காத்திருந்த பெண்ணை அடையாளம் காட்டின. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் நின்றவர் யார் என்பதையே அது காட்டும். அவர் பின்னால் எவர் நின்றார், எவர் நிற்கவில்லை என்பதை அது காட்டாது. அந்த இடைவெளியில்தான் அரசியல் புகுந்தது.

விசாரணை தொடங்கிய நிலையிலேயே தி.மு.க.வினர் மீதும் அவர்தம் உடைமைகள் மீதும் தாக்குதல்கள் நடந்தன. அடுத்த மாதம் நடைபெற்ற தேர்தலில் தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளையும் அ.தி.மு.க.–காங்கிரஸ் அணி வென்றது. போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்திருந்த ஈழத்து ஏதிலியர் ஐயத்திற்குரியவராயினர். 1992 முதல் பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். அக்குடிசைகளில் வாழ்ந்த தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அச்சதியில் என்ன பங்கு? 1984-இல் இந்திரா காந்தியை அவருடைய மெய்க்காவலர் இருவர் சுட்டுக் கொன்றதற்காக, தில்லியில் ஆயிரக்கணக்கான சீக்கியர் கொல்லப்பட்டதை நாடு ஏற்கெனவே கண்டிருந்தது. ஆயினும் சிலர் செய்த குற்றத்தை ஓர் இனத்தின் மீது ஏற்றும் பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை.

1997 நவம்பரில் ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை ஒரு வார இதழில் கசிந்தது. தி.மு.க.வை அமைச்சரவையிலிருந்து நீக்க வேண்டும் என்று கோரிய காங்கிரஸ், அக்கோரிக்கை ஏற்கப்படாததால் குஜ்ரால் அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது, அரசு கவிழ்ந்தது. 2004-இல் அவ்விரு கட்சிகளும் ஒரே அணியில் நின்று தமிழகத்தின் 39 தொகுதிகளையும் கைப்பற்றின. கூட்டணி அமைவது ஜனநாயகத்தில் இயல்பே. எனினும் நாம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: 1997-இல் ஓர் அரசையே வீழ்த்தப் போதுமானதாக இருந்த பழி, ஏழே ஆண்டுகளில் எங்கே போய் மறைந்தது? உண்மை மாறிவிட்டதா, தேவை மாறிவிட்டதா?

நீதிமன்றத்தின் நடையோ வேறு. 1998 சனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அத்தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு அதை ஆயுள் தண்டனையாக்கி, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. விடுதலைப் புலிகள் தீட்டிய சதி என்பதை ஏற்ற அதே நீதிமன்றம், அரசை அச்சுறுத்தும் நோக்கமோ மக்களிடையே பீதி பரப்பும் நோக்கமோ நிறுவப்படவில்லை எனக் கூறித் தடாச் சட்டத்தின்படியான பயங்கரவாதக் குற்றம் இதற்குப் பொருந்தாது என்றது. நாடே ஐயமின்றிச் சூட்டிய பெயரைச் சட்டம் தயங்கி எடைபோட்டது. கொலையாளிகள் என்று பல்லாண்டுகள் தூற்றப்பட்ட 19 பேரின் விடுதலை, அவர்களது கைதைப் போல் நம் நினைவில் பதிந்ததா?

பின்னர்க் காற்று திசை மாறியது. 2014-இல் மூவரின் தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. 2022-இல் எஞ்சியிருந்த எழுவரும் விடுதலை பெற்றனர். பேரறிவாளனின் வாக்குமூலத்தில், மின்கலங்கள் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் பதிவுசெய்யவில்லை என்று ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவரே 2013-இல் அறிவித்திருந்தார். கருணைக்கும் மறுபரிசீலனைக்கும் நியாயம் இருந்தது. ஆனால் மேடைகள் சில அத்துடன் நிற்கவில்லை. விடுதலையானவர்களை வீரர்களாக்கி மாலை சூட்டின. முன்பு குற்றத்தின் எல்லையை அளவுக்கு மீறி விரித்தோம். இப்போது அளவுக்கு மீறிச் சுருக்கினோம்.

இலங்கையில் அமைதிப்படை செய்தவற்றைப் பேசுவது கொலையை நியாயப்படுத்துவதாகாது. காரணத்தை அறிதல் வேறு, குற்றத்தை மன்னித்தல் வேறு. இவ்வேறுபாட்டை அழிப்பதில்தான் பரப்புரையின் வலிமை அடங்கியுள்ளது. அதைக் காப்பதில் வாசகரின் கடமை அடங்கியுள்ளது. ஒரு வன்செயலைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, இதில் நிறுவப்பட்டது எவ்வளவு, ஊகிக்கப்பட்டது எவ்வளவு என்று பிரித்தறியும் பொறுமை நமக்கு வேண்டும். அதைவிட, இச்செய்தி யாரை விட்டுவிட்டது என்று கேட்கும் நேர்மையும் வேண்டும்.

ஏனெனில், திருப்பெரும்புதூரில் தலைவரோடு மடிந்த காவலர்களும் பொதுமக்களும் முதற்கதையில் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெற்றார்கள். இரண்டாம் கதையிலோ அந்த எண்ணிக்கையும் மங்கிப்போயிற்று. கொன்றவர்களின் பெயர்களும் கொல்லப்பட்ட தலைவரின் பெயரும் நமக்கு மனப்பாடம். கடமைக்காக அங்கே நின்று உயிர்நீத்த ஒரு காவலரின் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?