முதனூலும் வழிநூலும்: இணைய விளையாட்டாக்கத்தில் எழும் ஓர் ஒழுக்கவியல் வினா

கிளித்தட்டையோ தாயத்தையோ பல்லாங்குழியையோ இயற்றியவர் யாரென எவரும் வினவுவதில்லை. தலைமுறை தலைமுறையாக அவற்றை ஆடியோர் அனைவருமே அவற்றின் ஆக்கியோராவர். ஓரூரில் வழங்கிய விதியை மற்றோரூரார் சிறிது மாற்றி ஆடினால் அதனைக் களவென்று சொல்வாரில்லை. கணினி வந்த பின்னர் இந்நிலை மாறியது. குறித்த சிலர், குறித்த காலத்தில், குறித்த உழைப்பைச் செலுத்தி இயற்றிய பொருளாக விளையாட்டு உருப்பெற்றது. அதற்குப் பெயருண்டு; விலையுண்டு; உரிமையாளருண்டு. ஆயினும் அதன் உயிராய் விளங்கும் விதிகள் மட்டும், பழைய தாயத்தின் விதிகளைப் போலவே, எவரும் எடுத்தாளத் தக்கனவாய் இருந்துவருகின்றன. இம்முரண்பாட்டிலிருந்து எழும் வினாவே இங்கு ஆராயப்படுகிறது. சட்டம் தடைசெய்யாத ஒன்றை எடுத்தாளும்போது, எடுத்தாள்பவருக்கு முன்னையோர்பால் கடப்பாடு ஏதேனும் உண்டா? உண்டெனின் அஃது எத்தகையது?

இவ்வினா எல்லாவகை விளையாட்டுக்கும் பொதுவானதெனினும், இணைய உலாவியில் இயங்கும் விளையாட்டுகளிற் கூர்மை பெறுகிறது. அதற்குக் காரணம் அவை வெளியிடப்படும் முறையாகும். உலாவி விளையாட்டை வெளியிடுவதற்குக் கடையோ, அச்சகமோ, எவருடைய அனுமதியோ தேவையில்லை. பக்கமொன்றை இணையத்தில் ஏற்றிவைத்தால் போதும். ஆடுபவர் அப்பக்கத்தைத் திறந்தவுடன், விளையாட்டின் அமைப்பைக் கூறும் நிரல் அவருடைய கணினிக்கே வந்துசேர்ந்து அங்கேயே இயங்குகிறது. நிரலைச் சுருக்கியும் குழப்பியும் படிப்பதற்குக் கடினமாக்கலாமேயன்றி, அதனை அனுப்பாமல் விளையாட்டை ஆடச்செய்தல் பெரும்பாலும் இயலாது. எனவே இங்கு வெளியிடுதல் என்பது ஒருவகையிற் கையளித்தலேயாகும். சமையலை மட்டுமன்றிச் சமைத்த முறையையும் இலையிலேயே பரிமாறுவதற்கு இது நிகராகும். ஜாவாஸ்கிரிப்ட் மொழி உலாவிக்கு வந்த 1995ஆம் ஆண்டு முதலாக, பிறருடைய பக்கங்களைத் திறந்து பார்த்தே அக்கலையைப் பயின்றோர் பலராவர். இங்ஙனம் பிறரிடமிருந்து பெறுதல் இத்துறையின் குறையன்று. அதன் கல்விமுறையே அதுதான்.

இவ்வினாவைத் தெளிவாக எழுப்பிய நிகழ்ச்சி 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் அஷர் வொல்மர், கிரெக் வோல்வென்ட் ஆகியோர், இசையமைத்த ஜிம்மி ஹின்சனுடன் இணைந்து, த்றீஸ் என்னும் விளையாட்டைக் கைத்தொலைபேசிக்கென விலைக்கு வெளியிட்டனர். நான்கு நிரலும் நான்கு நிரையும் கொண்ட கட்டத்திலே எண் தாங்கிய சில்லுகளை நகர்த்துவதே ஆட்டம். ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்றாகும். அதன்பின் ஒத்த எண்கள் இரண்டு சேர்ந்து இருமடங்காகும். விதிகள் இவ்வளவே. ஆயினும் இச்சுருக்கத்தை அடைவதற்கு அவர்களுக்கு ஏறத்தாழப் பதினான்கு மாதங்கள் சென்றன. முதல் மாதிரி விரைவிலேயே உருவானது. எஞ்சிய காலம் முழுவதும் சேர்த்தவற்றை நீக்குவதிலும் நீக்கியவற்றை மீண்டும் ஆய்வதிலுமே கழிந்தது.

சில வாரங்களுக்குள் வீவோ என்னும் நிறுவனத்தின் 1024 என்ற விளையாட்டு வெளிவந்தது. அதனையும் அதன் வழிவந்த வேறொன்றையும் கண்ட கப்ரியேலே சிருல்லி என்னும் பத்தொன்பது வயது இத்தாலிய இளைஞர், தம்மால் ஒரு விளையாட்டை அடிமுதலாக நிரலாக்க இயலுமா எனச் சோதிக்கும் பொருட்டு, ஒரு வார இறுதியிலே 2048 என்னும் உலாவி விளையாட்டை இயற்றி மார்ச் மாதத்தில் வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் அதனை நாடி வந்த வருகைகள் 40 இலட்சத்தை எட்டின. அவர் அதற்கு விலை வைக்கவில்லை. எவரும் எடுத்து மாற்றத்தக்க எம்.ஐ.ரி. உரிமத்தின்கீழ் நிரல் முழுவதையும் திறந்துவைத்தார். அதன் பயனாக 2048இலிருந்து அளவற்ற வழிவிளையாட்டுகள் கிளைத்தன. மார்ச் மாத இறுதியில் த்றீஸின் ஆக்கியோர், தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தொகுத்து நீண்டதோர் ஆவணமாக வெளியிட்டனர். தம் உழைப்பின் வரலாற்றை உலகுக்குக் காட்டுவதே அதன் நோக்கமாகும். பணம் குறைந்ததைக் காட்டிலும், த்றீஸே 2048ஐப் பார்த்துச் செய்யப்பட்டதெனச் சிலர் கூறத் தொடங்கியமை அவர்களைப் பெரிதும் வருத்தியது.

இங்குச் சட்டம் கூறுவது யாது? ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1879ஆம் ஆண்டிலேயே, கணக்குப் பதிவு முறையொன்றை விளக்கிய நூல் தொடர்பான வழக்கில், நூலின் சொற்களுக்குப் பதிப்புரிமை உண்டு, அது விளக்கும் முறைக்கு இல்லை எனத் தீர்த்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் எண்ணங்களையும் முறைமைகளையும் பதிப்புரிமையின் பாதுகாப்பிலிருந்து விலக்குகிறது. இக்கோட்பாட்டின்படி விளையாட்டின் விதி பொதுவுடைமை. அதன் நிரல், ஓவியம், இசை, தோற்றம் ஆகியன தனியுடைமை. தோற்றத்தையும் அப்படியே படியெடுத்தால் குற்றமாகலாம் என்பதை ரெட்ரிஸ் விளையாட்டின் உரிமையாளர்களுக்கு ஆதரவாக 2012இல் நியூ ஜேர்சியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்பு காட்டியது. சிருல்லி த்றீஸின் நிரலையோ ஓவியத்தையோ எடுத்தாரில்லை. எடுத்தது எண்ணமே, அதுவும் நேரே எடுத்ததன்று, இடைநின்றோர் வழியாகப் பெற்றது.

சட்டத்தின் இந்நிலைப்பாடு சரியானதே எனலாம். விதிக்கு உடைமை வழங்கப்படின், கட்டத்திற் காய் நகர்த்தும் ஆட்டமனைத்தும் ஒருவருடைய வேலிக்குள் அடங்கிவிடும். இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்கும் சென்று, செல்லுமிடமெல்லாம் மாறி வளர்ந்த சதுரங்கம், உரிமம் கேட்டு எல்லைகளில் நின்றிருக்குமாயின் இன்றைய வடிவத்தை அடைந்திராது. ஆதலால் எண்ணத்தை எடுத்தலைக் களவென்று கூறுவோர் கூற்று ஏற்கத்தக்கதன்று. களவிலே பொருள் உரியவரைவிட்டு நீங்குகிறது. இங்கோ த்றீஸ் அதன் ஆக்கியோரிடமே இருந்தது.

ஆயின், சட்டம் தடுக்காதது அனைத்தும் குற்றமற்றது என்னும் மறுதரப்பும் அவ்வாறே பொருந்தாது. புதிதாகக் கண்டடைதலுக்கும் கண்டடைந்ததை மீளச் செய்தலுக்கும் இடையேயுள்ள உழைப்பு வேறுபாட்டை அத்தரப்பு காணத் தவறுகிறது. கட்டம் எத்துணை அகலம் இருத்தல் வேண்டும், சில்லு ஓரடி நகர்வதா ஓரம்வரை செல்வதா, எண் எவ்வாறு பெருகுவது என்பனவற்றையெல்லாம் தேர்வதற்கு முன் நூறு வழிகள் திறந்திருந்தன. அவற்றுள் பயனற்றவற்றில் நடந்து திரும்பியவர் முதலாக்கியோரே. பின்வந்தவர் நடந்தது செப்பனிட்ட பாதையில். ஒரு வார இறுதியில் அவ்விளையாட்டு முடிந்தமைக்குச் சிருல்லியின் திறமை ஒரு காரணம். வேறு சிலருடைய பதினான்கு மாதங்கள் மற்றொரு காரணம். இவ்வுண்மை மறைக்கப்படுமிடத்தே தீங்கு தோன்றுகிறது. ஆகவே குற்றம் விதியை எடுத்தலில் இல்லை. வந்த வழியை அழித்தலிலேயே உள்ளது.

தமிழ் இலக்கண மரபு இவ்விடயத்தில் நுண்ணிய நோக்குடையது. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்த அம்மரபு, வழிநூலை இழிந்ததாகக் கருதியதில்லை. முன்னோர் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்தல் அதன் இலக்கணமாகக் கூறப்பட்டது. அதாவது, வழங்கியதைப் பெறுதல் குற்றமன்று. பெற்றதை வெறுமனே திருப்பிக் கூறுதலே குறை. மேலும், சிறப்புப்பாயிரம் உரைக்கவேண்டியவற்றை நிரற்படுத்தும் நன்னூல், ஆக்கியோன் பெயரை அடுத்து வழியை வைக்கிறது. இந்நூல் எதன் வழியாக வந்தது என்பதைச் சொல்லுதல் பணிவின் அடையாளம் மட்டுமன்று. அது நூலின் இன்றியமையாத உறுப்பு. உரிமைக்கு வேலியிடாமலே கடனை நினைவிற் கொள்ளும் ஒழுங்கு இதுவாகும்.

இவ்வளவையால் நோக்கின், சிருல்லியை முற்றாகக் குறைகூறல் நீதியாகாது. தமது விளையாட்டு 1024ஐ அடிப்படையாகக் கொண்டதென்பதையும் கருத்தளவில் த்றீஸை ஒத்ததென்பதையும் அவர் தமது பக்கத்திலேயே பொறித்தார். தாம் கண்டுபிடிக்காத எண்ணத்தால் பணமீட்ட விரும்பவில்லை எனத் தொடக்கத்திற் கூறினார். கைத்தொலைபேசிக்கான பதிப்புகள் பின்னர் வந்தன. அவருடைய பக்கத்திலிருந்து எடுத்து விளம்பரங்களுடன் விற்றோருட் பலர் எப்பெயரையும் சொல்லவில்லை. வழி கூறும் பழக்கம் சங்கிலியின் ஒரு கண்ணியில் அறுந்தாலும், அதற்கு அப்பாலுள்ளோர் அனைவரும் முதலாக்கியோரை இழந்துவிடுகின்றனர்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இக்கடப்பாட்டின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த ஜோஷ் வார்டில் என்னும் மென்பொருளாளர், தம் வாழ்க்கைத் துணை ஆடுவதற்கென இயற்றிய ஐந்தெழுத்துச் சொல் விளையாட்டைத் தமது குடும்பப் பெயரைத் தழுவி வேர்டில் எனப் பெயரிட்டு 2021 ஒக்டோபரில் வெளியிட்டார். நவம்பர் முதலாந் திகதி அதனை ஆடியோர் 90 பேர். இரண்டு மாதங்களின் பின் 3 இலட்சம் பேர். விளம்பரமில்லை; கட்டணமில்லை; நாளொன்றுக்கு ஒரே சொல். வரவிருந்த விடைச்சொற்கள் அனைத்தும் பக்கத்தின் நிரலிலேயே கிடந்தன. வேண்டுவோர் திறந்து பார்த்திருக்கலாம். அவ்வாறு பார்த்து ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்ளாமை ஆடுவோரின் ஒழுக்கத்துக்கே விடப்பட்டிருந்தது. 2022 ஜனவரியில் அதே பெயரையும் வடிவத்தையும் தாங்கிய போலிகள் கைத்தொலைபேசிச் செயலிக் கடையிற் பெருகவே, அப்பிள் நிறுவனம் அவற்றை நீக்கியது. அம்மாத இறுதியில் நியூயோர்க் ரைம்ஸ் நிறுவனம் அவ்விளையாட்டைப் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு வாங்கியது.

வேர்டிலும் முதனூலன்று. 1955இல் வெளிவந்த ஜொட்டோ என்னும் சொல் விளையாட்டும், 1987இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய லிங்கோ என்னும் போட்டியும், 1970களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டர்மைண்ட் என்னும் பலகையாட்டமும் அதற்கு முன்னோடிகள். ஊகித்த எழுத்து சரியான இடத்திலா பிழையான இடத்திலா உள்ளதென உணர்த்தும் முறை நெடுங்காலமாகப் பொதுவில் வழங்கியதாகும். ஆயினும் 2024 மார்ச்சில் நியூயோர்க் ரைம்ஸ், வேர்டிலை ஒத்த நிரல்களைக் கிட்ஹப் தளத்திலிருந்து அகற்றுமாறு அறிவித்தல் விடுத்தது. அவற்றுள் ஒன்றிலிருந்து கிளைத்த படிகள் மட்டும் 1,900 வரையிலாகும். ஐந்துக்கு ஆறு என்னும் கட்ட அமைப்பும் பச்சை, மஞ்சள் நிறங்களும் உரிமைக்குட்பட்டவை எனக் கோரப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய பெயரைக் காத்தலும், ஆடுவோர் மயங்காதவாறு தடுத்தலும் நியாயமானவையே. ஆனால் வேற்று மொழிக்கோ வேற்றுப் பயனுக்கோ மாற்றி அமைத்தவற்றையும் தடுக்க முனைந்தால், வேர்டில் தோன்றுவதற்கு இடந்தந்த வாயிலையே அதன் பின்வந்தோருக்கு அடைப்பதாகும். 2048இன் சுற்றிலே பின்வந்தோர் முன்னையோரை மறந்தனர். இங்கோ முன்னின்ற உரிமையாளர் தமக்கு முன்னிருந்தோரை மறந்தார். இரண்டும் ஒரே மறதியின் இருவேறு வடிவங்கள்.

வழியைக் கூறுதல் ஆக்கியோரின் பசியை ஆற்றுமா என்பது இதற்கு எழக்கூடிய வலிய தடையாகும். இலவசமாய்க் கிடைக்கும் ஒன்றுக்கு எதிரே விலைக்கு விற்பவர் நிலைத்தல் அரிது. பெயர் சொல்லிவிட்டு ஒருவருடைய சந்தையைப் பறித்தால், அச்சொல் வெறும் உபசாரமாய் முடியும். இத்தடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இது கடப்பாட்டை இல்லையென்றாக்கவில்லை. காலத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்றே உணர்த்துகிறது. ஜொட்டோ தோன்றி அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதன் விதியைத் தழுவியவர் எவருடைய உலையையும் அவித்தாரில்லை. முதலாக்கியோர் தம் உழைப்பின் பயனை இன்னும் கையிற் பெறாத முதல் மாதத்திலே அதனைத் தழுவுதல் அவ்வாறன்று. சட்டம் இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. வேறுபடுத்த அதனால் இயலவுமியலாது. எத்தனை திங்கள் பொறுப்பது, எத்துணை மாற்றினால் போதும் என்பன போன்ற அளவுகளைச் சட்டத்தில் வரைந்தால், அவ்வரையறையே வலியோர் கையில் எளியோரைத் தடுக்கும் கருவியாகிவிடும். ஆகையால் அது மனச்சான்றின் ஆட்சிக்கே உரிய பரப்பு.

எனவே, உலாவி விளையாட்டை இயற்றி வெளியிடுவோர்க்குரிய கடப்பாடுகள் மூன்று எனத் துணியலாம். தாம் எவ்வழி வந்தனர் என்பதை மறையாது கூறுதல் ஒன்று. பெற்றதனோடு தமதான வேறுபாடொன்றைச் சேர்த்தலும், முன்னவர் தம் உழைப்பின் பயனைப் பெறும்வரை பொறுத்தலும் இரண்டாவது. தாம் நுழைந்த வாயிலைத் தமக்குப் பின் அடையாதிருத்தல் மூன்றாவது. முதலிரண்டும் முன்னையோர்க்கும் மூன்றாவது பின்னையோர்க்கும் உரிய கடன்கள். இவற்றுள் எதனையும் எந்த நீதிமன்றமும் முழுமையாக நிறைவேற்றுவிக்க முடியாது. ஆயினும் விதிகளுக்கு வேலியில்லாத இத்துறையில், இக்கடன்களைச் செலுத்துவோர் இருக்கும்வரையிலேயே வேலியின்மையும் நிலைக்கும். அவர்கள் அருகும்போது, உழைத்தவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேலியைத்தான் வேண்டிநிற்பர். அவ்வேண்டுகோளைப் பிழையென்று கூறுவதற்கும் அப்போது எவருக்கும் உரிமை இராது.