நாற்பது மைக்ரான்

கறுப்புக் கார் பகல் நிழலில் புதிதாகத்தான் தெரியும். இரவில் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, பானெட்டுக்கு மேல் கைபேசி டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக மெல்லிய கோடுகள் எழும்பும். டார்ச்சை நகர்த்தினால் வளையங்களும் கூடவே நகரும். பெயின்டில் வளையம் எதுவும் கிடையாது. கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. வரும் ஒளிக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் மின்னி, விளக்கைச் சுற்றி ஒன்றுகூடுகின்றன. மற்றவை அதே இடத்தில் இருந்தும் கண்ணில் படுவதில்லை. டீடெய்லிங் கடைக்காரர்கள் இதை ஸ்வர்ல் என்பார்கள். பாலிஷ் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இப்படிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

*

தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு. அதன் மேல் பிரைமர். பிறகு நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத கிளியர் கோட். ஆலையிலிருந்து வரும் கார்களில் இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, மிஞ்சினால் 50. மனிதத் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். சித்திரை வெயிலையும் காக்கை எச்சத்தையும் மரப் பிசினையும் வருடக்கணக்கில் வாங்கிக்கொள்வது முடியை விட மெல்லிய இந்தப் படலம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு காரைத் துடைக்கும்போது கை தானாகவே லேசாகிறது.

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து இறக்குகிறது. சுற்றிலும் சமமானதும் ஒளி சிதறாமல் திரும்புகிறது. அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். ஆகவே ஒவ்வொரு பளபளப்பும் அந்த நாற்பதிலிருந்து செய்த செலவு. மென்மையான பாலிஷ் எடுப்பது சொற்பம், அதைவிடக் கரடான காம்பவுண்டு எடுப்பது கூடுதல். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

*

விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது ஆழமான கீறல். அதைத் துரத்த வேண்டாம். ஓரங்களை மழுக்கி, கண்ணை உறுத்தாத அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

*

ஷாம்பு போட்டுக் கழுவிய காரையும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவினால் நறநறக்கும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள், தண்டவாளத்தின் தூள், எங்கோ அடித்த பெயின்டின் தெறிப்பு. ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் நிற்கும் வெள்ளைக் கார்களில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரிவது இந்த இரும்புதான். இதற்கென்றே விற்கும் திரவத்தைத் தெளித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். மிச்சத்தை, டீடெய்லிங் கடையில் விற்கும் களிமண் கட்டியால், வழுக்கும் திரவம் தெளித்து, அழுத்தாமல் உருட்டி எடுக்க வேண்டும். கட்டி கை தவறித் தரையில் விழுந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. தரையின் மணலைப் பொறுக்கிக்கொண்ட கட்டி புதுக் கீறல் போடும். விலையைப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக மெஷினை வைப்பவர், காரின் மேல் இருக்கும் அழுக்கையே அரைப்பொருளாக்கித் தேய்க்கிறார்.

*

டிங்கரிங் பட்டறைகளில் கர்ஜிக்கும் மெஷின் ரோட்டரி. ஒரே அச்சில், கியரின் பலத்தில் சுழலும். எவ்வளவு அமுக்கினாலும் நிற்காது. ஒரே இடத்தில் தங்கினால் சூடு ஏறி கிளியர் கோட் கருகும். அனுபவக் கைகளுக்கு அது அருமையான கருவி. தொடங்குபவருக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. அதில் தேய்க்கும் பஞ்சு வட்டான பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே மையம் விலகியும் சுற்றும். தன்னைத்தானே சுற்றும் சுழற்சியைக் கட்டாயப்படுத்தும் கியர் அதில் கிடையாது. அதிகம் அமுக்கினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். அதிர்கிற பேட் கீறலை எடுக்காது, காரையும் அவ்வளவாகக் கெடுக்காது.

பேட் ஒட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். சின்ன வேலை, பெரிய உதவி. மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றி வருவது தெரிந்தால் அழுத்தம் சரி. கோடு ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் கையைத் தளர்த்த வேண்டும். வேலை முழுவதும் என் கண் பாதி நேரம் பெயின்டிலும் பாதி நேரம் அந்தக் கோட்டிலும்தான் இருக்கிறது. பட்டி பார்ப்பதிலேயே தலை நரைத்த பெயின்டர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “மெஷினோட கனமே போதும் தம்பி. நீ கூட்டிட்டுப் போ, அமுக்காத.”

“எவ்வளவு வேகமா போகணும்ணே?”

“சத்தம் மாறாத வேகத்துல.”

இதை விடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சீரான கைக்குச் சீரான சத்தம். பேட் சாய்ந்தாலோ அழுத்தம் கூடினாலோ கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

*

பேடின் மேல் பட்டாணி அளவில் நாலைந்து துளி பாலிஷ். மெஷினை ஓட்டாமலே பரப்பின் மேல் ஒற்றி ஒற்றிப் பரப்பிவிட்டு, பிறகு மெதுவான வேகத்தில் தொடங்குவது. ஒரு நேரத்தில் ஒன்றரை, இரண்டு அடிச் சதுரம் மட்டும். கிடையாக ஒரு வரிசை, நெடுக்காக ஒரு வரிசை, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் பாதியை மூடும்படி. கை நகர வேண்டியது விநாடிக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம். பட்டுப் புடவையின் மேல் இஸ்திரிப் பெட்டியை நகர்த்துகிற நிதானம் அது. பால் போல இருந்த பாலிஷ் மெல்ல மெல்லக் கண்ணாடியாகி, அடியில் நிறம் தெரியத் தொடங்கும். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கும் அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

அந்தக் கணத்தையும் உடனே நம்பிவிடக் கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்து அதை மறைக்கும். தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துத் துடைத்த பிறகு தெரிவதே உண்மை.

வெயில் கூடாது, தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முதலில் ஒரு மூலையில், இருப்பதிலேயே மென்மையான பேடும் பாலிஷும் வைத்துச் சோதிப்பது. அதில் திருப்தி வந்தால் கார் முழுவதற்கும் அதுவே போதும். போதாதபோது மட்டும் ஒரு படி ஏறலாம். பழைய இரும்புக் கடையில் கழித்த பானெட் ஒன்று கிடைத்தால் முதல் பழக்கத்தை அதில் வைத்துக்கொள்ளலாம்.

*

கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு. இங்கெல்லாம் பெயின்ட் மெலிந்திருக்கும், பேடின் அழுத்தமோ ஒரே கோட்டில் குவியும். மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தள்ளிப் போவதே முறை. பம்பர் பிளாஸ்டிக், சூட்டைத் தகடு போலக் கடத்தி விடாது, தன்னிடமே வைத்துக்கொள்ளும். அங்கே இன்னும் பொறுமை வேண்டும். தடிமன் மீட்டர் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சாதாரண மீட்டர் காட்டுவது எல்லாப் பூச்சுகளின் கூட்டுத்தொகை. பட்டி பார்த்து மறுபடி அடித்த கதவில் பல நூறு மைக்ரான் காட்டும். கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது.

அதனால்தான் சில கோடுகளை விட்டுவைக்கச் சொல்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற கோட்டுக்காக, வெயிலில் காரைக் காக்கிற படலத்தைக் கரைப்பது சரியான வியாபாரம் இல்லை. பத்தில் எட்டுக் கீறல் போன காரின் முன் மெஷினை அணைக்க முடிந்தவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர்.

*

இந்தக் கீறல்களில் பெரும்பகுதி ஓடும்போது விழுபவை அல்ல, துடைக்கும்போது விழுபவை. நம் குடியிருப்புகளில் விடியும் முன்பே ஒருவர் வந்து ஒரே வாளி, ஒரே துணியோடு வரிசையாகப் பல கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறார். முதல் காரின் மணல் கடைசிக் கார் வரை பயணிக்கிறது. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் கொடுத்த தண்ணீரும் துணியும் அவ்வளவுதான். மெஷின் வாங்கும் காசில் கொஞ்சம் ஒதுக்கி அவருக்கு இரண்டாவது வாளியும் நல்ல மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிக் கொடுங்கள். காய்ந்த தூசியை அப்படியே துடைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகு தொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வராத நாளில் கார் தூசியோடே நிற்கட்டும்.