கூடு கலையும்போது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எனக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கதைகளில் ஆழ்ந்த பற்று உள்ளவர். அன்று முகம் வாடியிருந்தது. கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பேசத் தொடங்கினார்.

"நாங்கள் கூடிப் பேசுகிற வலைத்தளத்தை மூடப் போகிறார்களாம், சார். மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அறுபது பேர். ஆளுக்கு ஓர் இடத்தைச் சொல்கிறார்கள். உங்களுக்குத்தான் இதில் அனுபவம் உண்டே! அடுத்து எங்கே போகலாம், நீங்களே சொல்லுங்கள்."

அனுபவம் உண்டுதான். ஆனால் அது பெருமையோடு சொல்லிக்கொள்ளும்படியான அனுபவம் அல்ல என்பது அவருக்குத் தெரியாது. "யோசித்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவைத்தேன். அவர் போய்விட்டார், அவருடைய கேள்வி போகவில்லை.

சமூக வலைத்தளம் ஒன்று மூடப்படுவது இன்று புதிய செய்தி அல்ல. 2004-ஆம் ஆண்டு தொடங்கிய ஆர்குட்டில் நம் நாட்டு இளைஞர்கள் எத்தனை பேர் தங்கள் முதல் கணக்கைத் திறந்தார்கள்! பிரேசில் நாட்டாருக்கும் நமக்கும் அது செல்லப்பிள்ளையாக இருந்தது. 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அதன் கதவை அடைத்தார்கள். 2011-இல் வந்த கூகுள் பிளஸ் பொதுமக்களைப் பொறுத்தவரை 2019 ஏப்ரல் 2-ஆம் தேதியோடு முடிந்தது. நம் நாட்டிலேயே 2020-இல் பிறந்து, இந்திய மொழிகளில் பேசலாம் வாருங்கள் என்று அழைத்த 'கூ' 2024 ஜூலையில் விடைபெற்றுக்கொண்டது.

கூகுள் பிளஸை மூடப் போவதாக 2018 அக்டோபரில் அறிவித்தபோது, அந்த நிறுவனத்தார் இரண்டு காரணங்கள் சொன்னார்கள். ஒன்று, மென்பொருளில் கண்ட பாதுகாப்புக் குறை. மற்றொன்று, அங்கே போதிய நடமாட்டம் இல்லை என்பது. நூறு முறை கதவு திறந்தால் அதில் தொண்ணூறு முறை வந்தவர் ஐந்து விநாடிகூட நிற்பதில்லை என்று கணக்குக் காட்டினார்கள். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அது நியாயமான வாதம். ஆனால் அந்தக் கணக்கைப் படித்தபோது என் மனம் மிச்சமுள்ள பத்து முறையைத்தான் எண்ணியது. அப்படி வந்தவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள்? யாருக்காக வந்தார்கள்? அதைக் கணக்கில் எழுதும் வழக்கம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. அது நிறுவனங்களின் வேலையும் அல்ல. அது நம்முடைய வேலை.

மூடுகிறவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கடை வைத்தவன் ஒரு நாள் கடையைக் கட்டத்தான் செய்வான். நாமோ வாடகை கொடுக்காமல் அவன் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர்கள். எழுந்து போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். திண்ணை அவனுடையது, பேச்சு நம்முடையது, பேச்சில் பிறந்த நட்பும் நம்முடையது. அந்த நட்பை என்ன செய்தோம் என்பதற்குத் திண்ணைக்காரன் பதில் சொல்ல மாட்டான். நாம்தான் சொல்ல வேண்டும். நான் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் நாற்பது பேர் ஒரு வலைத்தளத்தில் கூடி வந்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வங்கி ஊழியர், மருந்துக் கடைக்காரர், துபாயில் வேலை பார்த்தவர், கல்லூரி மாணவர் என்று பலவகைப்பட்டவர்கள். இரவு உணவு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். அன்றன்று படித்த கதையைப் பற்றிப் பேச்சு நடக்கும். அவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. அவரது பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

என் எழுத்தில் ஒற்றுப் பிழை இருந்தால் மறுநாள் காலைக்குள் டீச்சரம்மாவின் திருத்தம் வந்துவிடும். பிழை திருத்துவதோடு அவர் நின்றதும் இல்லை. என் சிறுகதை ஒன்றில், பல வருஷம் கழித்து வீடு திரும்பும் மகனைத் தாய் மன்னித்து ஏற்றுக்கொள்கிறாள். பலரும் பாராட்டினார்கள். டீச்சரம்மா மட்டும் இப்படி எழுதினார்: "அவள் மன்னித்தது சரி, தம்பி. ஆனால் மன்னிப்பதற்கு முன்னால் அவனுக்குச் சோறு போட்டிருப்பாள். அதை எழுத மறந்துவிட்டீர்களே!"

எந்த விமரிசகரும் எனக்குச் சொல்லாத பாடம் அது.

அந்தத் தளம் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த இடம் எது என்று ஒரு மாதம் விவாதித்தோம். எங்கே விளம்பரத் தொல்லை குறைவு, எங்கே படங்கள் விரைவாகத் திறக்கும், எங்கே நீண்ட கட்டுரையைப் போட இடம் கொடுப்பார்கள் என்றெல்லாம் ஆராய்ந்தோம். எல்லாம் நியாயமான கேள்விகளே. கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. இருபத்தொன்பது பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். அதை முதலில் முன்மொழிந்தவன் நான். அங்கே நாகரிகமாகப் பேசலாம் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. என் நாவல் வெளிவர இருந்த சமயம் அது. அந்த இடத்தில் கூட்டம் அதிகம். மனிதன் தன் ஆசைக்குப் பொதுநலம் என்று பெயர் சூட்டுவதில் எவ்வளவு கெட்டிக்காரன்!

மறுநாள் டீச்சரம்மாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "அங்கே சேர வேண்டுமானால் ஸ்மார்ட்போன் வேண்டுமாமே, தம்பி? நான் மகன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் அல்லவா உட்கார்ந்து படிக்கிறேன்? என்னிடம் இருப்பது பட்டன் போன்தான்."

"கவலைப்படாதீர்கள், டீச்சரம்மா. ஒரு வழி கண்டுபிடித்துச் சொல்கிறேன்" என்று பதில் எழுதினேன்.

சொல்லவில்லை. நாவலின் கடைசி அத்தியாயம், அச்சுப்பிழை பார்த்தல், வெளியீட்டு விழா என்று நாட்கள் ஓடின. நினைவு வந்த அன்று பழைய தளத்தைத் திறந்தேன், மூடிவிட்டார்கள். மற்றவர்களை விசாரித்தேன். அவர் கரிசல் பக்கத்து ஊர்க்காரர் என்றார் ஒருவர். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான்கு ஆண்டு பழகிய ஒருவரைத் தேடுவதற்கு எங்கள் கையில் ஒரு பெயர்கூட இல்லை.

"எல்லாரையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக முடியுமா? பெரும்பான்மை எதை விரும்புகிறதோ அதைத்தானே செய்ய முடியும்?" என்று நண்பர் ஒருவர் எனக்குச் சமாதானம் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கடைசி ஆள் சம்மதிக்கும்வரை காத்திருந்தால் எந்தக் கூட்டமும் ஓர் அடி நகராது. ஆனால் வாக்கெடுப்பு எந்தப் பாதை என்பதைத்தான் தீர்மானிக்கும். அந்தப் பாதையில் நடக்க இயலாதவருக்கு மற்றவர்கள் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதை அது தீர்மானிக்காது. முடியாமல் விட்டுப்போவது வேறு; கேட்காமல் விட்டுப்போவது வேறு. முதலாவது துயரம். இரண்டாவது பிழை. நான் செய்தது இரண்டாவது. ஒரு தபால் விலாசம் கேட்டு வாங்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த நிறுவனக் கணக்கில் வந்த ஐந்து விநாடி போதுமே!

ஆகவே, எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால், உள்ளே நுழைவது எவ்வளவு சுலபம் என்று பார்க்காதீர்கள், வெளியேறும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு காலத்தில் கைப்பேசி நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். எண் மாறினால் பாதி உறவு அறுந்துவிடும். அதற்குப் பயந்தே பிடிக்காத நிறுவனத்தில் நாம் கட்டுண்டு கிடந்தோம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. சின்னச் சட்டம்தான், ஆனால் எண் நம்மோடு வரும் என்ற தைரியத்தை அது கொடுத்தது.

வலைத்தளங்களிலும் அப்படி ஒரு முயற்சி உண்டு. யூகென் ரோச்கோ என்ற ஜெர்மானிய இளைஞர் 2016-இல் தொடங்கிய மாஸ்டடான் அத்தகையது. அதற்கு ஒரே முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் தனியே ஒரு சர்வர் வைத்து நடத்தலாம். ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேசலாம்; வேறு வேறு நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வதைப் போல. ஒன்றை விட்டு வேறொன்றுக்குக் குடிபெயர்ந்தால், நம்மைப் பின்தொடர்கிறவர்களையும் உடன் கொண்டுபோகலாம். ஆனால் எழுதியவை பழைய இடத்திலேயே தங்கிவிடும். அந்தச் சர்வரை நடத்துகிறவரும் மனிதர்தாம். பணமோ பொறுமையோ தீர்ந்தால் அவரும் மூடுவார். நல்ல வீடு என்று சொல்லலாம். நிலைத்த வீடு என்று சொல்ல முடியாது. நிலைத்த வீடு எதுவும் இல்லை என்று தெரிந்தபின், வீட்டைப் பற்றிய கவலையில் பாதியையாவது மனிதர்களிடம் திருப்ப வேண்டாமா?

அடுத்த ஞாயிறு இளைஞர் வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "முதலில் அறுபது பேரையும் தனித்தனியே கேளுங்கள். சம்மதிக்கிறவர்களிடம் பெயரும் விலாசமும் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். யார் யாரால் வர முடியாது, ஏன் முடியாது என்று விசாரியுங்கள். இடத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்" என்றேன்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "ஏழு பேருக்குச் சிரமம் இருக்கிறது, சார். அதில் இரண்டு பேருக்குக் கண் பார்வை சரியில்லை. இத்தனை நாள் பேசியும் எங்களுக்கு இது தெரியாது!" என்றார்.

"எந்த இடம் என்று முடிவாயிற்றா?"

"இன்னும் இல்லை, சார். முதலில் இந்த ஏழு பேருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

அவர்கள் கூட்டம் எங்கே போய்ச் சேர்ந்தாலும் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

என் அந்தச் சிறுகதை பிறகு தொகுப்பில் சேர்ந்தபோது ஒரு வாக்கியம் கூட்டினேன். வாசலில் நிற்கும் மகனிடம் ஒன்றும் கேட்காமல், தாய் உள்ளே போய் அவனுக்குச் சோறு போடுகிறாள். டீச்சரம்மா அதைப் படித்திருப்பாரா என்று அறிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை.